நவீனத் திகில் பாத்திரமேற்பு ஆட்டங்களில் விதி இணைப்பு

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடையின் துணையோடு கதையை நகர்த்திச் செல்வது பாத்திரமேற்பு ஆட்டம் எனப்படும். கதைக்களத்தையும் எதிரிகளையும் நடத்துநர் ஒருவர் கவனித்துக்கொள்வார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்த ஆட்டமாகும். இரண்டு ஆட்டங்களின் விதிகளைச் சேர்த்து ஒரே தொடர்கதையை ஆடுவதும் உண்டு.

நம் தாயத்திலும் இச்சிக்கல் உள்ளது. ஒரு காயையாவது வெட்டாமல் பழம் ஏறக் கூடாது என்பது சில வீடுகளின் வழக்கம். வேறு வீடுகளில் அந்தக் கட்டாயம் இல்லை. இரு வீட்டாரும் சேர்ந்து ஆடினால், முதலில் அதைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

பொது அடித்தளம்

கேயாசியம் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ரூன்க்வெஸ்ட், திறமைகளை நூற்றுவீதத்தில் அளந்தது. ஒருவரது திறமை 60 எனில், பகடையில் 60 அல்லது அதற்குக் குறைவாக விழுந்தால் வெற்றி. இவ்விதிகளின் சுருக்கம் 1980-இல் 16 பக்கச் சிறுநூலாக வந்தது. 1982-இல் வந்த வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் தொகுப்பு, மாயம், மீநாயகர், எதிர்காலம் ஆகிய மூன்று உலகங்களை இதே அடித்தளத்தில் அமைத்தது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1981-இல், சாண்டி பீட்டர்சன் எழுதிய கால் ஆஃப் கதுலு வெளிவந்தது. எச். பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளைத் தழுவிய இவ்வாட்டத்தில் மனத்திடமும் ஓர் எண்ணாயிற்று. கொடுங்காட்சிகளைக் கண்டால் அந்த எண் குறையும். 1920-களில் நிகழ்ந்த இக்கதைகளை 1987-இல் வந்த கதுலு நவ் தற்காலத்துக்குக் கொண்டுவந்தது. 1997-இல் டெல்டா கிரீன் கதைக்களம் தனி நூலாயிற்று. 2016 முதல் அது தனக்கென விதிகளைக் கொண்ட ஆட்டமாக வெளிவருகிறது.

சேர்வதும் சேராததும்

கால் ஆஃப் கதுலுவின் 7-ஆம் பதிப்பில் உடல்வலிமை 60 எனில், டெல்டா கிரீனில் அது 12. ஐந்தால் வகுத்தால் போதும். ஆனால் உயிர்ப்புள்ளியை முன்னது உடல்நலம், உடலளவு ஆகியவற்றிலிருந்தும், பின்னது உடல்வலிமை, உடல்நலம் ஆகியவற்றிலிருந்தும் கணக்கிடுகிறது. ஆகவே இதற்கு ஏதேனும் ஒரு முறையையே கொள்ள வேண்டும்.

2002-இல் கால் ஆஃப் கதுலு, இருபது முகப் பகடை விதிகளுக்கும் மாற்றி எழுதப்பட்டது. மனத்திடக் கணக்கு அப்படியே தொடர்ந்தது. எனினும் அவ்விதிகளில் கதைமாந்தர் நிலை உயர உயர உயிர்ப்புள்ளியும் பெருகும். எளிதில் சாகாதவருக்கு அச்சமும் குறையும். எண்களை மாற்றி எழுதினாலும், அவை உண்டாக்கும் உணர்வு மாறிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஓர் எடுத்துக்காட்டு

குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடம் ஆலையில் இரவுப் பணி பார்க்கும் வெளியூர் இளைஞர் ஒருவரைக் கதைமாந்தராகக் கொள்வோம். கால் ஆஃப் கதுலு விதிப்படி, அவர் காணும் கொடுங்காட்சி அவரது மனத்திடத்தைக் குறைக்கும். டெல்டா கிரீனில் உறவுகளுக்கும் மதிப்பெண் உண்டு. மன இழப்பில் ஒரு பகுதியை உறவின்மீது ஏற்றலாம். அப்போது இளைஞர் நிலைகுலையாமல் தப்பலாம். ஊரிலுள்ள தாயுடனான பிணைப்பு நலியும். தற்காலக் கதைக்கு இவ்விதி மிகவும் பொருந்தும்.

இதனைக் கால் ஆஃப் கதுலுவுடன் சேர்க்கும்போது, மனமுறிவுக்கான விதியை இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். இரண்டையும் வைத்தால் ஒரே அச்சத்துக்கு இருமுறை தண்டனை ஆகிவிடும். வெற்றி தோல்வியை முடிவு செய்யும் முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இவற்றை ஆட்டம் தொடங்கும் முன்பே அனைவரும் பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.