மைக் இல்லாத காலத்துச் செங்கோட்டைக் குரல்

நம்ம ராயகிரியில பஸ் ஏறி வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசின்னு போனா அடுத்து செங்கோட்டை. பார்டர் கடை பரோட்டாவுக்காகப் போறவங்கதான் அதிகம் (அதுல தப்பில்லை, நானும் அந்தக் கூட்டம்தான்). 1956 நவம்பர் 1 வரைக்கும் அது மலையாள சமஸ்தானத்துப் பக்கம் இருந்த ஊர். அங்கே 1906 ஆகஸ்ட் 25-ல பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. பேரைச் சொன்னா உடனே, "கே.பி.சுந்தராம்பாளோட வீட்டுக்காரர்தானே?"ம்பாங்க. ஆமா, ஆனா அதோட முடிச்சிடறதுதான் எனக்கு ஆத்திரம்.

பெரிய குடும்பம், வறுமை, பள்ளிக்கூடமெல்லாம் இல்லை. அண்ணன்மாரோட சின்ன வயசுலேயே மேடை ஏறியாச்சு. சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க சபையில் பயிற்சி, அப்புறம் பிரம்மாண்டமான சீன்களுக்குப் பேர்போன கன்னையா கம்பெனி. இன்னிக்கு ஒரு பையன் மியூசிக் காலேஜ்ல படிக்கிறதை அவர் ராத்திரி ராத்திரி கூட்டத்துக்கு முன்னால நின்னு படிச்சிருக்கார்.

அந்த மேடையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. திறந்தவெளிக் கொட்டகை, விடிய விடிய நாடகம், மைக் கிடையாது. பக்கத்துல ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கும். அதையும் தாண்டி கடைசி வரிசையில மண் தரையில உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சொல் சொல்லாக் கேக்கணும். அதனாலதான் அந்தக் காலத்து ராஜபார்ட்டுகள் எல்லாரும் உச்ச ஸ்ருதியில பாடினாங்க. அது பந்தா இல்லை, தேவை. ஆனா கத்துறதுக்கும் பாடுறதுக்கும் வித்தியாசம் இருக்கே! அவ்வளவு உயரத்துல பிருகாவைச் சிதறாம உருட்டினதுதான் கிட்டப்பா. கேட்டவன் "ஒன்ஸ்மோர்"னு கத்தினா கதை நிக்கும், முருகனும் வள்ளியும் காத்திருப்பாங்க, பாட்டு மறுபடி நடக்கும்.

நண்பன் ஒருத்தன் நார்வேக்காரங்களோட சிம்பொனிக் பிளாக் மெட்டல் பைத்தியம். எம்பரர் குழுவோட 1994 ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். கீபோர்டிலேயே ஒரு ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு வந்து, மேலே ஒரே அலறல். நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லலை. ஆனா மைக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் பிடுங்கிட்டா என்ன மிஞ்சும்னு கேட்டேன். பய இன்னும் பதில் சொல்லலை :-)

கொடுமுடி சுந்தராம்பாளைக் கிட்டப்பா சந்திச்சது கொழும்பில், 1926 வாக்கில். இவர் வேலன், அவங்க வள்ளி. அந்தம்மாவும் சளைக்காத குரல், அதனால மேடையில நடந்தது காதல் மட்டும் இல்லை, போட்டியும்தான். ரெண்டு பேரும் கதர் கட்டினாங்க, தேசியப் பாட்டும் பாடினாங்க. கல்யாணம், பிரிவு, கடிதம் பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு, நான் தாண்டிப் போறேன்.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா செத்தப்போ வயசு 27. 27-ங்க!

வருஷங்களைப் பாருங்க. 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சது 1931 அக்டோபர். தியாகராஜ பாகவதரின் முதல் படம் 'பவளக்கொடி' 1934. மேடை நாடகத்தை அப்படியே பாட்டு மூட்டையோட ஃபிலிமுக்கு மாத்தின காலம் அது. இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருந்தா கிட்டப்பா நடந்து, நின்னு, பாடுறதை நாம பார்த்திருப்போம். இப்ப மிச்சம் இருக்கிறது இசைத்தட்டுகள் மட்டும்தான். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். ராத்திரி முழுக்க ராகத்தை விரிச்ச மனுஷனை மூணு நிமிஷத்துல அடைச்சா எப்படி இருக்கும்? அப்படியும் அந்தக் கீறல் சத்தத்துக்கு நடுவுல ஒரு மேல் ஸ்தாயி வந்து நிக்கும் பாருங்க, சிலிர்க்கும்.

சுந்தராம்பாள் அதுக்கப்புறம் வெள்ளைப் புடவை. ஆண்களோட ஜோடியா நடிக்க மாட்டேன்னுட்டாங்க. 1935-ல 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டப்போ, நந்தனாராவே ஆண் வேஷம் கட்டி நடிச்சாங்க.

மேடையில கிட்டப்பா எப்படி இருந்திருப்பார்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்க, 1945-ல வந்த 'ஸ்ரீவள்ளி'யில டி.ஆர்.மகாலிங்கத்தைக் கேளுங்க. கிட்டப்பா வழியில வந்த பாட்டு அது. தென்காசிப் பக்கத்து ஆளுங்க யார் வீட்டுப் பரணிலாவது பழைய கிட்டப்பா தட்டு கிடந்தா, பழைய இரும்புக்காரன்கிட்ட போடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா.