இணையத் தணிக்கையும் மக்கள் குரலும்

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில் சிம்பாங் அம்பாட் என்னும் ஊர் உள்ளது. நான்கு சாலைகள் கூடும் சந்தி என்பதே அம்மலாய்ப் பெயரின் பொருளாகும். இத்தகைய ஊர்களுக்கு ஒரு காலத்தில் வெளியுலகச் செய்தி நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகவே வந்து சேர்ந்தது. அவ்வழிகள் ஒவ்வொன்றிலும் அரசின் அனுமதி என்னும் வாயில் இருந்தது. பின்னர் இணையம் என்னும் புதுவழி திறந்தது. அதற்கும் வாயில் அமைக்க வேண்டுமா, அமைப்பின் அதன் திறவுகோல் யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வினாக்கள் எழுந்தன. அவ்வினாக்களுக்கு மலேசிய மக்கள் அளித்துவரும் விடை நம் காலத்து வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதியாகும்.

அச்சு ஊடகத்தின் வரலாற்றில் பினாங்குக்குத் தனியிடம் உண்டு. 1806-ஆம் ஆண்டிலேயே இத்தீவில் ஆங்கிலச் செய்தித்தாள் தோன்றிவிட்டது. 1883-இல் குலாம் காதிறு நாவலர் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை நடத்தினார். அச்சுத் தொழில் வளர்ந்ததைப் போலவே அதன்மீதான கட்டுப்பாடும் வளர்ந்தது. அவசரகாலம் தொடங்கிய 1948-இல் காலனி ஆட்சி அச்சகங்களுக்கு உரிமச் சட்டம் இயற்றியது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அம்முறை நீங்கவில்லை. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அதனை மேலும் இறுக்கியது.

அச்சட்டத்தின் வலிமையை நாடு முழுவதும் உணர்ந்த ஆண்டு 1987. அவ்வாண்டு அக்டோபரில் 'லாலாங்' நடவடிக்கையின்போது நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று செய்தித்தாள்களின் உரிமங்களும் பறிக்கப்பட்டன. இவற்றுள் 'தி ஸ்டார்' 1971-இல் பினாங்கில் பிறந்த ஏடாகும். 1988 மார்ச் மாதத்திலேதான் அது மீண்டும் வெளிவந்தது. 1977-இல் பினாங்கில் தோன்றிய அலிரான் இயக்கம் மலாய் மொழியில் இதழ் வெளியிட உரிமம் கேட்டபோது அது மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் இயக்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தும், உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. தமிழ் ஏடுகளும் இச்சட்டத்துக்குத் தப்பவில்லை. 2007 ஆகஸ்டில் 'மக்கள் ஓசை' நாளிதழ் ஒரு மாத காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் இணையத்திற்கு மட்டும் விதிவிலக்கு எவ்வாறு கிடைத்தது? அதன் காரணம் வணிகமாகும். 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கிய அரசு, வெளிநாட்டு நிறுவனங்களை ஈர்க்கும் பொருட்டுப் பத்து உறுதிமொழிகளை அளித்தது. இணையம் தணிக்கை செய்யப்படமாட்டாது என்பது அவற்றுள் ஒன்று. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் 3-ஆம் பிரிவில், இச்சட்டத்தின் எப்பகுதியும் இணையத் தணிக்கைக்கு இடமளிப்பதாகப் பொருள் கொள்ளலாகாது என்னும் கருத்து எழுதப்பட்டது. முதலீட்டாளர்க்குச் சொன்ன சொல்லே அது. ஆயினும் குடிமக்கள் அதனைத் தமக்குரிய உரிமையாக எடுத்துக்கொண்டனர். பின்னர் நிகழ்ந்த எதிர்ப்புகள் யாவும் இந்த ஒரு சொல்லைப் பற்றி நின்றவையே.

1999 நவம்பரில் 'மலேசியாகினி' இணைய நாளேடு தோன்றியது. அதற்கு அச்சு உரிமம் தேவைப்படவில்லை. 2003 சனவரியில் காவல் துறையினர் அதன் அலுவலகத்திலிருந்து 19 கணினிகளை எடுத்துச் சென்றனர். ஆயினும் ஏடு நின்றுவிடவில்லை. 2009 ஆகஸ்டில் இணையத்திற்கு வடிகட்டி அமைக்கும் எண்ணம் அரசிடம் உள்ளது என்னும் செய்தி பரவியது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் அத்தகைய திட்டம் இல்லை எனப் பிரதமர் அறிவித்தார்.

எல்லாப் போராட்டங்களும் வெற்றியில் முடியவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். 2012-இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஓர் இணையப் பதிவு எவர் பெயரில் அல்லது எவர் கணக்கில் உள்ளதோ, அவரே அதனை வெளியிட்டவர் என நீதிமன்றம் ஊகிக்க அது வழி செய்தது. அவரல்லர் என மெய்ப்பிக்கும் சுமை அவர்மீதே விழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் பல இணையத்தளங்கள் தம் முகப்பைக் கருமையாக்கி எதிர்ப்புத் தெரிவித்தன. வழக்கறிஞர் மன்றமும் அதில் பங்கு கொண்டது. அமைச்சரவை அதனை ஆராய்ந்தது. எனினும் சட்டம் நிலைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் வேறொரு பாதை தெரிந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து இளம்பெண் ஒருவர் 2012-இல் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முழுவதும் நீக்கியது. அங்கு நீதிமன்றம் செய்த பணியை இங்கு மக்களின் குரலும் வாக்கும் செய்ய வேண்டியிருந்தது. 2015 சூலையில் 'சரவாக் ரிப்போர்ட்' தளம் முடக்கப்பட்டது. 1எம்டிபி நிதி விவகாரம் பற்றி அது எழுதிவந்தது. 2018 மே மாதப் பொதுத் தேர்தலில் ஆட்சி மாறிய பின்னரே அத்தடை நீங்கியது. அத்தேர்தலுக்குச் சற்று முன் இயற்றப்பட்ட பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை நீக்கும் மசோதாவை மேலவை ஒருமுறை நிராகரித்தது. 2019 இறுதியிலேதான் அதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிட்டியது.

2024 செப்டம்பரில் மீண்டும் ஒரு சோதனை வந்தது. இணையத்தளங்களின் முகவரியைத் தேடித் தரும் வெளிநாட்டுப் பொதுச் சேவைகளைப் பயன்படுத்துவோரையும் உள்நாட்டு நிறுவனங்களின் சேவைக்கே திருப்பிவிடுமாறு தொடர்பு, பல்லூடக ஆணையம் கட்டளையிட்டது. சூதாட்டம், ஆபாசம் முதலிய தீமைகளைத் தடுப்பதே நோக்கம் என விளக்கம் கூறப்பட்டது. தொழில்நுட்ப வல்லுநரும் பொதுமக்களும் உடனே எதிர்த்தனர். சில நாள்களிலேயே அமைச்சர் பாமி பாட்சில் அதனை மேற்கொள்ள வேண்டாவென ஆணையத்திடம் கூறிவிட்டார்.

அரசு கூறிய நோக்கம் பொய்யானது எனக் கூறிவிட இயலாது. மாணவர் கைகளில் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில், இணையச் சூதாட்டமும் மோசடியும் பெற்றோரையும் ஆசிரியரையும் கலங்கவைக்கும் உண்மைகளே. தீயதைத் தடுக்க வேண்டும் என்பதில் எதிர்ப்பாளருக்கும் மாறுபாடில்லை. எது தடுக்கப்படுகிறது, எந்தச் சட்டத்தின்படி தடுக்கப்படுகிறது, தவறு நேரின் யாரிடம் முறையிடுவது என்னும் மூன்று கேள்விகளுக்கு வெளிப்படையான விடை வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. சூதாட்டத் தளத்தை மூடும் கதவே ஊழலை வெளிப்படுத்தும் தளத்தையும் மூடக்கூடும் என்பதை 2015-ஆம் ஆண்டு காட்டிவிட்டது. கசப்பான சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பண்பை வள்ளுவர் இறைமாட்சியில் வைத்ததன் பொருளும் இதுவே.

இவ்வரலாறு தரும் பாடம் ஒன்றுண்டு. ஏட்டில் எழுதப்பட்ட வாக்குறுதி தானே தன்னைக் காத்துக்கொள்வதில்லை. 2009-இலும் 2024-இலும் மக்கள் அதனை நினைவில் வைத்து உடனே பேசினர், அரசு செவிசாய்த்தது. 2012-இல் பேசியும் பயனில்லை. ஆயினும் அன்று கற்ற ஒற்றுமை பின்னர் உதவியது. 2025 சனவரி முதல் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பழைய வினா புதிய உருவில் வந்திருக்கிறது. அதற்கு விடை கூறப்போகும் தலைமுறை இன்று தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறது. பொய்யையும் மெய்யையும் பகுத்தறியும் ஆற்றலோடு, அளிக்கப்பட்ட வாக்கை நினைவூட்டிக் கேட்கும் துணிவையும் அத்தலைமுறைக்கு அளிப்பது கல்வியின் கடமையாகும்.