ஒட்டவிடாத இனிப்பு

"சீனி தின்றால் பல் சொத்தையாகும்" என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஓர் இனிப்பே பல்லைக் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? பின்லாந்தில் 1970களில் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த இனிப்பின் பெயர் சைலிட்டால். வேதியியலில் இதைச் 'சீனி ஆல்கஹால்' என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், போதை எதுவும் கிடையாது! 1891இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரின் ஆய்வுக்கூடத்தில் மரத்திலிருந்து எடுத்தார்கள். அதன்பின் பல் மருத்துவ உலகம் வெகுகாலம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

துர்கு நகரப் பல்கலைக்கழகத்தில் ஆர்யே ஷெய்னின், கௌக்கோ மாக்கினன் ஆகிய இருவரும் 125 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரணச் சீனி, இன்னொன்றுக்குப் பழச்சீனி, மூன்றாவதற்குச் சைலிட்டால். சாப்பாட்டிலேயே இரண்டு ஆண்டுகள்! சைலிட்டால் குழுவில் புதிய சொத்தை 85 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. 1975இல் சைலிட்டால் சூயிங்கம் அங்கே கடைக்கு வந்தது.

இது கிருமிநாசினி அல்ல. சொத்தையை உண்டாக்கும் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா, நாம் தின்னும் சீனியிலிருந்தே ஒரு பசையைத் தயாரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. சைலிட்டாலை அதனால் செரிக்க முடியாது. உள்ளே இழுக்கும், பயனின்றி வெளியே தள்ளும், அதிலேயே சக்தி வீணாகும். பசையும் குறையும். பிடிமானம் தளர்ந்த அழுக்கைப் பல்துலக்கி எளிதில் எடுத்துவிடும்.

என்னை வியக்க வைத்தது பின்லாந்தின் யிலிவியெஸ்கா ஊரில் நடந்த ஆய்வு. வாயில் இந்தப் பாக்டீரியா அதிகமிருந்த 195 தாய்மார்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர், குழந்தைக்கு மூன்று மாதமானது முதல் இரண்டு வயது வரை சைலிட்டால் சூயிங்கம் மென்றார்கள். மென்றது தாய் மட்டுமே, குழந்தை அல்ல. இரண்டு வயதில் அவர்களின் குழந்தைகளில் 9.7 விழுக்காட்டினரிடமே அந்தப் பாக்டீரியா காணப்பட்டது. தாய்க்கு ஃபுளோரைடு பூசிய பிரிவில் அது 48.5 விழுக்காடு. தாயின் எச்சில் வழியாகத்தான் அது குழந்தைக்குப் போகிறது. வாயில் வைத்துச் சூடு பார்த்துச் சோறூட்டும் நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

ஊலு நகரில் 306 பாலர் பராமரிப்புப் பிள்ளைகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். காதுத் தொற்று வந்தவர்கள் 20.8 விழுக்காட்டிலிருந்து 12.1 ஆகக் குறைந்தார்கள் என்று 1996இல் அறிவித்தனர். தொண்டை உயிரணுக்களில் கிருமி ஒட்டுவது குறைவதை 1998இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். ஆனால் அமெரிக்காவில் சைலிட்டால் பாகு கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலனில்லை என்று 2014இல் தெரிந்தது. பல் பற்றிய ஆதாரங்களும் வலுவானவை அல்ல என்று 2015இல் காக்ரேன் மதிப்பாய்வு கூறியது. துர்குவின் 85 விழுக்காட்டை விளம்பரத்தில் பார்த்தால் நான் பாதியைத்தான் நம்புவேன். தாய்மார்கள் ஆய்வை அப்படித் தள்ள மனமில்லை.

அளவு மீறினால் வயிறு போகும். நாய்க்கு இது நஞ்சு, வீட்டில் நாய் இருந்தால் எட்டாமல் வையுங்கள்.

சிங்கப்பூர் 1992இல் சூயிங்கம்மைத் தடை செய்தது. மருத்துவப் பயனுள்ள வகைகளுக்கு மட்டும் 2004இல் கதவு திறந்தது. அதையும் மருந்தாளரிடமோ பல் மருத்துவரிடமோ, பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.