2147483647 (முதன்மை எண்)

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. 2இன் 31ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது இது. தமிழ்நாட்டில் பகா எண் எனப்படும் முதன்மை எண்களுள் ஒன்று. இப்படி 2இன் வலுவொன்றிலும் 1 குறைந்து அமையும் மெர்சென் முதன்மை எண்களின் வரிசையில் எட்டாவது.

இத்தாலியரான கற்றால்டி 1588இலேயே இதனை முதன்மை எண் என்றார். ஆனால் 23, 29, 31, 37 ஆகிய நான்கு சுட்டிகளுக்கும் அவர் அப்படியே சொல்லியிருந்தார். 31 மட்டுமே சரியாக அமைந்தது. அதை நிறுவியவர் ஆய்லர். பார்வை ஏறக்குறைய முழுதாக மங்கியிருந்த அவர், 1772இல் எழுதிய கடிதமொன்றில் முடிவை அறிவித்தார். இவ்வெண்ணுக்கு முதன்மைக் காரணி இருக்குமானால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே வரவேண்டும். வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டுவதால், அதற்குள் அடங்கும் அத்தகைய எண்கள் ஏறத்தாழ 370தான். அவற்றுள் முதல் முதன்மை எண் 311. வகுத்தால் மீதி 35. எஞ்சியவற்றிலும் ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை.

இதனை 2இன் 30ஆம் வலுவால் பெருக்கினால் 2305843008139952128 என்னும் நிறைவெண், அதாவது தன்னைத் தவிர்ந்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண், கிடைக்கும். இந்த நிறைவெண்ணுக்கு அப்பால் தேட எவரும் முனையமாட்டார், பயனற்ற வேடிக்கைதானே என்று 1811இல் எழுதினார் பீற்றர் பார்லோ. கணித வரலாற்றில் இவ்வளவு பிசகிய ஆரூடம் அரிது.

31உம் மெர்சென் முதன்மை எண்ணாக இருப்பதால் இது இரட்டை மெர்சென் எண்ணும் ஆகும். அவ்வாறான முதன்மை எண்களில் 7, 127, இவ்வெண், 2இன் 127ஆம் வலுவிலும் ஒன்று குறைந்த 39 இலக்க எண் ஆகிய நான்கே இதுவரை அறியப்பட்டுள்ளன. இவ்வெண்ணையே சுட்டியாக்கினால் தொடர் அறுந்துவிடும். அங்கே 295257526626031 ஒரு காரணி.

குறியுடன் கூடிய 32 பிட் முழுவெண்ணின் உச்சமும் இதுவே. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்ரைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை இதைத் தாண்டியது; அதை எதிர்பார்த்து யூரியூப் தன் எண்ணியை முன்கூட்டியே 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது. 1988இல் பார்க், மில்லர் ஆகியோர் பரிந்துரைத்த எழுமாற்று எண் உருவாக்கியும் இதையே மட்டாகக் கொண்டது. அதன் பெருக்கி 16807, அதாவது 7இன் 5ஆம் வலு. 0 தவிர்ந்த எந்த எண்ணில் தொடங்கினாலும் 1 முதல் 2147483646 வரையான எல்லா எண்களையும் தொட்ட பிறகே அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்.

1970 ஜனவரி 1 முதல் செக்கன்களை 32 பிட்டில் எண்ணிவரும் கருவிகள், 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை இலங்கை நேரப்படி காலை 8:44:07க்கு இந்த உச்சத்தைத் தொடும். அடுத்த செக்கனில் அவை உலகப் பொது நேரப்படி 1901 டிசம்பர் 13ஐக் காட்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் இன்று விற்பனையாகும் 64 பிட் மடிக்கணினிகளுக்கு இது பெரிய கவலையில்லை. சுவரில் பொருத்தியபின் ஆண்டுக்கணக்காக எவரும் திறந்தே பார்க்காத பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளே சோதிக்கப்பட வேண்டியவை.