வெறுப்பின் சிற்றேடு

மோசமான எழுத்தை விமர்சகன் பொருட்படுத்த வேண்டியதில்லை, அது தானாக உதிர்ந்துவிடும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அமெரிக்க வெள்ளை இனவெறிக் குழுக்களின் சரித்திரத்தைப் படித்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை.

1978ல் வில்லியம் பியர்ஸ் புனைபெயரில் வெளியிட்ட 'டர்னர் டயரீஸ்' நாவலாகத் தேறாது. ஆனால் அதில் வரும் ரகசியக் குழுவின் பெயரையே 1983ல் ராபர்ட் மாத்யூஸ் தன் கூட்டத்துக்குச் சூட்டினார். 1984 ஜூனில் டென்வரில் ஆலன் பெர்க் என்ற யூத வானொலிப் பேச்சாளரை அக்கூட்டம் சுட்டுக் கொன்றது. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் பண வண்டியை மறித்து சுமார் 36 லட்சம் டாலர் கொள்ளையடித்தது. (எங்கள் கிளைக்கு ரொக்கப் பெட்டி வரும்போதெல்லாம் இப்போது இது ஞாபகம் வருகிறது.)

அதே 1984ல் லூயிஸ் பீம் 'ஆரியன் நேஷன்ஸ் லிபர்ட்டி நெட்' என்பதைத் தொடங்கினார். வியட்நாமில் போரிட்டவர், டெக்ஸாஸ் கிளான் தலைவர். வீட்டுக் கம்ப்யூட்டர், மோடம், டெலிபோன் கம்பி, இவ்வளவுதான் சாதனம். எண்ணைக் கூப்பிட்டால் கட்டுரைகளும் எதிரிகளின் பட்டியலும் திரையில் வரும். கனடா துவேஷப் பிரசுரங்களை எல்லையிலேயே தடுத்து வந்தது. டெலிபோன் அழைப்பைச் சுங்க அதிகாரி பிரித்துப் பார்க்க முடியாதல்லவா?

பீமின் முக்கியமான காரியம் இதுவல்ல, 'தலைவரற்ற எதிர்ப்பு' என்ற அவருடைய 1983 கட்டுரை என்பேன். உத்தரவிட ஆள் வேண்டாம். ஒரே பிரசுரத்தைப் படித்தவர்கள் அவரவர் செய்ய வேண்டியதைத் தாமே செய்வார்கள். அதாவது ஸ்தாபனத்தின் இடத்தில் பிரதி உட்கார்ந்துகொள்கிறது. வாசகனே தொண்டன். 1988ல் ராஜத்துரோக சதி வழக்கில் பீம் உள்படக் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். 1995ல் இன்னொரு கிளான்காரர் டான் பிளாக், சிறையில் கற்ற கம்ப்யூட்டர் அறிவைக் கொண்டு 'ஸ்டார்ம்ஃப்ரன்ட்' என்ற இணையதளத்தை ஆரம்பித்தார். அதே ஆண்டு ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற டிமதி மெக்வேயின் காரில் பியர்ஸ் நாவலின் பக்கங்கள் கிடந்தன.

முந்நூறு பேர் படித்தால் போதும் என்ற கர்வம் நம்முடையது. சிறிதாக இருப்பதே நேர்மைக்கு அத்தாட்சி என்றுகூட எழுதியிருக்கிறேன். பீமுக்கும் முந்நூறு பேர் போதுமாகத்தான் இருந்திருப்பார்கள்.

2019ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அறிக்கை வெளியிட்டுவிட்டு, கொலையையும் ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் சொன்னது. நியூஸிலாந்து அரசு அந்த அறிக்கையை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. தணிக்கை என்றதும் எதிர்த்துக் கையெழுத்திடுகிற நான், இதை எதிர்த்தும் ஒரு வாக்கியம் எழுதப் பார்த்தேன். பேனா நகரவில்லை.