ரஹீமின் பெட்டி

ப்ரோமாக்ஸ் 'சூப்பர் ஜம்போ'. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்தான், ஆனால் சூட்கேஸ் அளவு இருக்கும். 1988 கோடையில் நியூயார்க்கின் புரூக்ளினில், பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் பகுதியின் ஒரு தெருவில் ஸ்பைக் லீ 'டு த ரைட் திங்' படத்தை எடுத்தபோது அது ரேடியோ ரஹீமின் கைக்கு வந்தது. நடித்தவர் பில் நன்.

ரஹீம் அதிகம் பேசமாட்டான், பெட்டிதான் பேசும். அதிலும் ஒரே பாட்டு, ராப் குழுவான பப்ளிக் எனிமி இந்தப் படத்துக்கென்றே போட்ட 'ஃபைட் த பவர்'. வாசற்படியில் சல்சா கேட்டபடி உட்கார்ந்திருக்கும் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். இவன் அலட்டிக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் கூட்டுவான். அவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். பேட்டரி தீர்ந்ததும் கொரியத் தம்பதியின் கடைக்குப் போய் 20 பேட்டரி கேட்பான், டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய 'டி' சைஸ். அது 'டி'யா 'சி'யா என்பதற்கே அங்கே ஒரு சண்டை.

இத்தாலிய வம்சாவளிக்காரரான சாலின் பீட்சா கடையில், பாட்டை நிறுத்தினால்தான் பீட்சா. பகலில் நிறுத்தினான். இரவில் நிறுத்தவில்லை. சால் பேஸ்பால் மட்டையை எடுத்துப் பெட்டியை அடித்து நொறுக்குகிறார். ரஹீம் அவர் கழுத்தைப் பிடிக்க, போலீஸ் வந்து தடியால் ரஹீமின் கழுத்தை நெரிக்கிறது. கால்கள் தரையைவிட்டு எழும்பித் துடிக்கின்றன. அவன் சாகிறான், பிறகுதான் கடை எரிகிறது.

லீ இதைக் கற்பனையில் மட்டும் பிடிக்கவில்லை. படத்தை அவர் சமர்ப்பித்த குடும்பங்களில் ஒன்று மைக்கேல் ஸ்டூவர்ட்டுடையது. 1983இல் ரயில் நிலையச் சுவரில் கிறுக்கினார் என்று போலீஸ் பிடித்துப்போனபின் கோமாவில் விழுந்து இறந்தவர் அவர்.

1989இல் படம் வந்தபோது, கறுப்பின இளைஞர்கள் கலவரத்தில் இறங்கிவிடுவார்கள் என்று சில விமர்சகர்கள் பயமுறுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எரிந்த கடைக்காக அங்கலாய்த்தவர்களில் சிலர் செத்த பையனைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது லீயின் நெடுநாள் புகார். நியாயமான புகார்தான். ஆஸ்கரில் இரண்டு பரிந்துரை, விருது இல்லை. அந்த ஆண்டின் சிறந்த படம் 'டிரைவிங் மிஸ் டெய்ஸி': வெள்ளைக்கார அம்மாளுக்குக் கார் ஓட்டும் கறுப்பினப் பெரியவரின் கதை!

2014இல் ஸ்டேட்டன் ஐலண்டில் எரிக் கார்னரைப் போலீஸ் கழுத்தை நெரித்துக் கொன்ற வீடியோவை, லீ ரஹீமின் காட்சியோடு சேர்த்து வெட்டி ஒட்டினார். பெட்டி வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகச் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அருங்காட்சியகம் திறந்த 2016 செப்டம்பர் 24 அன்றுதான் பில் நன் காலமானார். 2020இல் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃப்ளாய்டின் வீடியோவும் வந்துவிட, லீ மூன்றையும் கோத்து 'த்ரீ பிரதர்ஸ்' என்று பெயரிட்டு வெளியிட்டார்.