பாடும் சர்வரும்



'சர்வர் வேலை' என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் பழவேற்காடு ஏரிதான் நினைவுக்கு வரும். இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' இங்கே பழைய வழக்கம். இன்று எந்த இடம் யாருக்கு என்பதைப் பட்டியல் சொல்லும்.

1990இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வெப் சர்வரை இயக்கினார். முகவரியில் கேட்ட கோப்பை அது எடுத்துக் கொடுத்தது. 1993இல் 'சிஜிஐ' வந்தபின், ஒரு முகவரியால் புரோகிராமையும் ஓடவைக்க முடிந்தது. இன்று சர்வரிலும் ஒரு பட்டியல் உண்டு: இந்த முகவரிக்கு இந்தப் புரோகிராம், படங்களுக்கு அந்த ஃபோல்டர். எதிலும் பொருந்தாவிட்டால் 404.

பாடு சண்டையைத் தவிர்த்தது உண்மை. ஆனால் பட்டியலில் இடம் கிடைக்காத சமூகத்தாருடன் தகராறும் வந்திருக்கிறது. ஆகவே கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளே, பட்டியலை எழுதும்போது இரண்டையும் பாருங்கள். பிறருடைய ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து வைக்காதீர்கள். உரிமையுள்ளவரை வெளியே நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்